நாவல் மரத்துக் காவலும் பாதி மாத்திரையும்

ஒரு காட்டில் ஒரு கருமந்தி இருந்தது. இருந்தது என்று சொல்வதே தப்பு. அதனால் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை, அதுதான் கதையே.

பெயர் கொம்பையா. வேலை, காவல். புல்வெளி ஓரத்து நாவல் மரத்தின் உச்சியில் உட்கார்ந்துகொண்டு, கீழே மேய்கிற புள்ளிமான்களுக்காகப் புலி வருகிறதா என்று பார்க்க வேண்டும். அதன் வரி கண்ணில் பட்டால் அடிவயிற்றிலிருந்து ஒரு கத்து. மான்கள் சிதறி ஓடிவிடும். அதற்குக் கூலி அந்த நாவல் மரம். காவலில் ஒரு குட்டி போனால் மரமும் போய்விடும், அது அந்தக் காட்டு வழக்கம். கொம்பையாவின் அப்பா காலத்தில் ஒரு குட்டி போனதில்லை. இவர் காலத்திலும் போகவில்லை, ஆனால் போக இருந்தது.

மலைப்பாதையில் வேனில் வருகிறவர்கள் எறிந்துவிட்டுப் போகிற காரச் சிப்ஸில் கொம்பையாவுக்கு ஒரு ருசி. இலை தின்னப் பிறந்த வயிறு அது. வயிற்று நோவு சிப்ஸால் வந்ததா வேறு எதனாலாவது வந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள், நான் கதை சொல்கிறவன், டாக்டர் இல்லை. வந்தது, அவ்வளவுதான். வயிற்றைப் பிசையும், மரத்தைவிட்டு இறங்கிப் பக்கத்து உண்ணிச்செடிப் புதருக்கு ஓடுவார். திரும்பி ஏறிப் பாதி மரம் வருவதற்குள் மறுபடியும் பிசையும். சில நாள் ரத்தமும் போயிற்று. ஆள் வாலும் எலும்புமாகிவிட்டார்.

அப்படிப் புதருக்குள் இருந்த ஒரு மத்தியானம் புலி வந்துவிட்டது. வடிவாம்பாள் என்று பெயர். மான்களின் அதிர்ஷ்டம், அந்தம்மா அப்போது நல்ல பருமன். கொண்டை ஊசி வளைவுக் கடையின் பின்பக்கத்துப் பரோட்டாவும் மிச்ச அல்வாவும் தின்று தின்று சர்க்கரை வியாதி வேறு. நாலு எட்டு ஓடியவுடன் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள். ஒரு மான்குட்டி திரும்பி நின்று அவளை வேடிக்கை பார்த்தது என்றால் பாருங்கள்.

மான்களின் தலைவர் புள்ளியப்பன் நாவல் மரத்தடிக்கு வந்தார். "கொம்பையா, நீரு எங்கவே போயிருந்தீரு?"

"வயித்துக்கு முடியல அண்ணாச்சி."

"எங்களுக்கு உசுருக்கு முடியாமப் போயிருக்கும். இன்னொரு தடவை இப்பிடி நடந்துச்சுன்னா மரத்தை மயிலுக்குக் குடுத்துருவோம், பாத்துக்கிடும்."

மயில் மேகத்தைப் பார்த்தாலே கத்தும். அதை நம்பி யார் மேய முடியும்? ஆனாலும் சொன்னார். கொம்பையா அன்றைக்கு அழுதார். மரம் போவதை நினைத்து அழுதார் என்று மான்கள் பேசிக்கொண்டன. வலியை நினைத்து அழுதார், அதை யாரும் கேட்கவில்லை.

கேட்பதற்கென்று காட்டில் ஒருவர்தான் இருந்தார். டாக்டர் புனுகேசன், புனுகுப்பூனை, ஆராய்ச்சியாளர். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிற இடத்தில் அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்காருவார். கொம்பையா கொண்டுபோனதை ஒரு குச்சியால் கிளறிப் பார்த்துவிட்டு, "குடல் அழற்சி" என்றார். "உம்ம ஒடம்புக்குள்ள காவல்காரனுவ இருக்கானுவ. அவனுவ உம்ம குடலையே திருடன்னு நெனச்சுப் போட்டு அடிக்கானுவ."

"காவல்காரனுக்குக் காவல்காரனே எதிரியாய்யா?"

"ஆமா. நல்ல கேஸ்" என்றார் டாக்டர். முகம் மலர்ந்துவிட்டது.

குடலுக்கும் சர்க்கரைக்கும் உள்ளே ஏதோ தொடுப்பு இருக்கிறது, ஒரே மாத்திரையில் இரண்டையும் பிடித்துவிடலாம் என்பது டாக்டரின் எண்ணம். அதற்காக ஒரு வேரை அரைத்து மாத்திரை செய்திருந்தார். ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு வேர் மாத்திரை, பாதிப் பேருக்கு அதே நிறத்தில் கேப்பை மாவு மாத்திரை. யாருக்கு எது என்பது சீட்டுப் போட்ட ஆமைக்கு மட்டும் தெரியும். ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டால் ஆராய்ச்சி முடிகிற வரை வெளியே நீட்டாது.

"எனக்கு எதுன்னு நீங்களாவது சொல்லக் கூடாதா?" என்றார் கொம்பையா.

"எனக்கே தெரியாதுல்லா. தெரியாமக் குடுத்தாத்தான் ஆராய்ச்சி. தெரிஞ்சு குடுத்தா அது வெறும் வைத்தியம்."

சரி என்று கைரேகை வைத்துவிட்டு டாக்டரின் மருத்துவமனை வரிசையில் போய் நின்றார். முன்னால் நின்றது வடிவாம்பாள். கொம்பையா இரண்டடி பின்வாங்கினார். ஆனால் சுவரில் 'இங்கே கடிக்கக் கூடாது' என்று பலகை இருந்தது, வடிவாம்பாளும் படித்தவள். "ஒனக்கு என்னய்யா, சர்க்கரையா?" என்று கேட்டாள்.

"குடலும்மா."

"பாவம்" என்று சொல்லிவிட்டு முன்னால் நகர்ந்தாள். மருத்துவமனை வரிசையில் இருந்தால் யாராக இருந்தாலும் கொஞ்சம் நல்லவர்களாகிவிடுகிறார்கள்.

மழைக்காலம் ஓய்வதற்குள் கொம்பையாவுக்கு வயிற்றுப்போக்கு நின்றுவிட்டது. வாராவாரம் போவார், டாக்டர் பக்கத்தில் உட்கார வைத்து, "எப்பிடிப் போச்சு, கெட்டியாவா தண்ணியாவா, வலி எந்தப் பக்கம்" என்று வெயில் சாய்கிறவரை கேட்பார். பிறந்ததிலிருந்து அவரிடம் யாரும் இவ்வளவு அக்கறையாகப் பேசியதில்லை. சதை பிடித்தது. மரத்தில் உட்கார்ந்தால் உட்கார்ந்த இடம். புள்ளியப்பனே வந்து, "ஆளு தெளிஞ்சிட்டீரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வடிவாம்பாளுக்கும் சர்க்கரை இறங்கிற்று. இடுப்பு உள்ளே போயிற்று. பழையபடி புல்லுக்குள் சத்தமில்லாமல் நடக்க வந்துவிட்டது. மான்களுக்கு அதுதான் கலக்கம். குட்டி போடும் பருவம் வேறு. நாவல் மரத்தில் கொம்பையா இருக்கிறார் என்ற ஒரு தைரியத்தில்தான் மேய்ந்தார்கள்.

ஆராய்ச்சியின் முதல் கட்டம் முடிந்தது. ஆமை தலையை நீட்டியது. கொம்பையா தின்றது கேப்பை மாவு.

"அதனால என்னய்யா, எனக்குத்தான் கொணமாயிட்டே" என்றார் கொம்பையா.

"ஆகல" என்றார் டாக்டர். "மருந்தே சாப்பிடாம எப்பிடிவே கொணமாகும்? அது ஒரு நெனப்பு. இனிமே வாராவாரம் வர வேண்டாம்."

படித்தவர் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதானே. கொம்பையா நாவல் மரத்துக்கு வந்து சேர்வதற்குள் வயிறு பிசைய ஆரம்பித்துவிட்டது. பழையபடி ஓட்டம். ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மரம் மயிலுக்கு.

நாள் பார்த்து வந்ததுபோல ஒரு பகலில் புல்லுக்குள் வரி அசைந்தது. மான்கள் குட்டிகளோடு நடுவெளியில் நிற்கின்றன. கொம்பையா கத்த வாயைத் திறந்தார். அதே நொடியில் வயிறு பிசைந்தது. அடிவயிற்றிலிருந்து அல்லவா கத்த வேண்டும்? கத்தினால் மேலே சத்தம் வருமோ இல்லையோ, கீழே என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். புள்ளியப்பன் நேர் கீழே படுத்திருக்கிறார். கொம்பையா வாயை மூடிக்கொண்டு மரத்தைவிட்டு வழுக்கி இறங்கிப் புதருக்குள் பாய்ந்தார். 'போச்சு, ஒரு குட்டி போச்சு, அப்பா பேரும் போச்சு' என்று உள்ளுக்குள் அழுதுகொண்டே உட்கார்ந்தார்.

பக்கத்தில் யாரோ முனகினார்கள். திரும்பிப் பார்த்தால் வடிவாம்பாள். அவரைப் போலவேதான் உட்கார்ந்திருந்தாள்.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் வானத்தைப் பார்த்தார்கள்.

"நீங்களுமாம்மா?" என்றார் கொம்பையா.

"அந்த மாத்திரைதான்யா. எனக்கு வேர்ல்லா விழுந்துச்சு. சர்க்கரை எறங்கிட்டு, ஆனா வயிறு நிக்க மாட்டேங்கு. பாயலாம்னு காலை ஊனுனா போதும், கலக்கிருது."

"நிப்பாட்டிப் பாத்தீங்களா?"

"நிப்பாட்டுனா சர்க்கரை ஏறும், ஓட முடியாது. தின்னா ஓட முடியும், ஆனா ஓட வேண்டியது இந்தப் பக்கமா இருக்கு." அவள் பெருமூச்சு விட்டாள். "பிள்ளைக்குட்டிக்காரி இப்பிடிப் பொதருக்குள்ள இருக்கேன். வெளிய சொல்லிராதப்பா."

"நான் எங்கம்மா சொல்ல. நானும் இங்கதான இருக்கேன்."

வெளியே மான்குட்டிகள் துள்ளுகிற சத்தம் கேட்டது. ஒன்றுகூடப் போகவில்லை.

பருவம் முடிந்ததும் மான்கள் கூடி கொம்பையாவுக்கு அருகம்புல்லில் மாலை கட்டிப் போட்டார்கள். "நீரு இருக்கிற தைரியத்துலதான் எங்க பொம்பளைங்க கண்ணை மூடித் தூங்குதாங்க" என்று புள்ளியப்பன் பேசினார். அடிக்கடி மரத்தைவிட்டு இறங்குவதையும் அவர்கள் கவனித்திருக்கிறார்கள். அதற்கு ரோந்து என்று பெயர் வைத்திருந்தார்கள். கொம்பையாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. உண்மையைச் சொல்லிவிடத்தான் எழுந்தார். எழுந்தவுடன் ரோந்து வந்துவிட்டது.

டாக்டர் புனுகேசன் முதல் கட்டத்தின் முடிவை அறிவித்தார். ஒருவருக்கு நின்றது, ஒருவருக்குப் பிடித்துக்கொண்டது, ஆகச் சராசரியில் காட்டின் வயிறு அப்படியேதான் இருக்கிறது, மேலும் ஆராய்ச்சி தேவை. அதனால் இரண்டாம் கட்டம் தொடங்கிற்று. கொம்பையாவை மறுபடியும் கூப்பிட்டார்கள். அவர் போய், "டாக்டரய்யா, ஒரு வேண்டுகோள். எனக்கும் வடிவாம்பா அம்மாவுக்கும் ஒரே மாத்திரையாக் குடுங்க. நல்லதோ கெட்டதோ, ரெண்டு பேருக்கும் சேந்து வரட்டும்" என்றார்.

"அதெப்பிடி? அப்பிடிக் குடுத்தா அது ஆராய்ச்சியே இல்லையே."

கொம்பையாவுக்கு வயிற்றைவிட நெஞ்சு கலங்கிற்று. அந்தம்மாவுக்குக் குணமாகி, இவருக்கு ஆகாமல் போனால் குட்டிகள் கதி என்ன? அன்றைக்கே புதருக்குள் வடிவாம்பாளிடம் பேசினார்.

"நீ கத்துனாலும் எனக்கு எரை கிடைக்காது. வயிறு கலக்கி நான் நின்னாலும் கிடைக்காது. எனக்குப் பரோட்டா இருக்கு. ஆனா தனியா இப்பிடி உக்காந்திருக்கதுதான்யா பொறுக்கல" என்றாள். "கொண்டா ஒன் மாத்திரைய."

இரண்டு மாத்திரையையும் ஒரு கல்லில் வைத்து நுணுக்கினார்கள். வேரும் மாவும் ஒன்றாகக் கலந்தது. ஆளுக்குப் பாதி வாயில் போட்டுக்கொண்டார்கள். அன்றுமுதல் தவறாமல் அப்படித்தான். அவளுக்குச் சர்க்கரை பாதி இறங்கிற்று, இவருக்கு வலி பாதி நின்றது. கலக்கினால் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் கலக்கும், அடங்கினால் ஒரே நேரத்தில் அடங்கும். அவள் பாயக்கூடிய நாளில் இவரால் கத்த முடிந்தது. இவரால் கத்த முடியாத நாளில் அவள் பக்கத்துப் புதரில் இருந்தாள்.

இரண்டாம் கட்டம் முடிந்து ஆமை தலையை நீட்டியது. டாக்டர் அசந்துபோனார். வேர் தின்றவளுக்கும் மாவு தின்றவருக்கும் மயிரிழை வித்தியாசமில்லை. கேப்பை மாவும் மருந்தும் ஒன்றே என்று கண்டுபிடித்ததற்காக அவருக்குப் பக்கத்துக் காட்டில் பொன்னாடை போர்த்தினார்கள். இப்போது அந்த மலை முழுக்கக் கேப்பை மாவு மாத்திரைதான் விற்கிறது. வேரை யாரும் சீந்துவதில்லை. சிப்ஸ் பாக்கெட்டைப் பற்றியும் பரோட்டாவைப் பற்றியும் இன்றுவரை யாரும் கேட்கவில்லை.

கொம்பையாவும் வடிவாம்பாளும் ஒரு மூட்டை வேரைச் சொந்தமாகத் தோண்டிவைத்துக்கொண்டு, அதே கல்லில் நுணுக்கிப் பாதிப் பாதி தின்று வருகிறார்கள். நாவல் மரத்தில் இடம் காலியாகத் தெரிந்தால் மான்கள் இப்போதெல்லாம் பயப்படுவதில்லை. "ரோந்துக்குப் போயிருக்காரு" என்று சொல்லிவிட்டுக் குட்டிகளை மேய விடுகிறார்கள்.

நீதி: காவல்காரனுக்கும் திருடனுக்கும் ஒரே வியாதி இருக்கும்வரை ஊருக்கு ஆபத்தில்லை. ஆகையால் வைத்தியர்களே, யாராவது ஒருவரை மட்டும் குணப்படுத்தி ஊரைக் கெடுத்துவிடாதீர்கள்.