கால் கழன்ற சிப்பும் சம்பந்தி வீட்டாரும்

ஒழுங்காக ஓடுகிற எதையாவது கழற்றிக் காட்டாவிட்டால் எனக்குக் கை நமநமவென்று இருக்கும். அக்காவின் நிச்சயதார்த்தத்தன்று இந்த வியாதி முற்றிவிட்டது.

அந்தமானில் எங்கள் ஊரான ஹட் பேயில் உப்புக்காற்றுக்கு முதல் பலி ஃப்ரீசர் போர்டுதான். அதிலுள்ள சிப், இரண்டு பக்கமும் கால் வைத்த பூரான் மாதிரி இருக்கும். போர்டோடு சேர்த்துப் பற்ற வைத்திருப்பதால், அது செத்தால் மொத்த போர்டும் போர்ட் பிளேருக்குக் கப்பலேற வேண்டும். மெயின்லேண்டில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன் (அரியர் கதை தனி) சும்மா இருப்பேனா? சிப்பைச் செருகவும் கழற்றவும் நானே ஒரு சாக்கெட் டிசைன் பண்ணினேன். போர்டில் இடமில்லையா, சிப்பின் அளவுக்கே சுருக்கினேன். நகம் நுழையக்கூட இடுக்கில்லை. கம்ப்ரசர் அதிர்ந்தாலும் லூசாகக் கூடாதா, உள்ளே இருக்கும் ஸ்பிரிங் பிடிகளை முரட்டுத்தனமாக இறுக்கினேன். செருகியதும் ஃப்ரீசர் ஜம்மென்று ஓடியது. கழற்றிப் பார்த்தேனா? (பார்த்திருந்தால் இதை ஏன் எழுதுகிறேன்?)

நிச்சயம் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் சம்பந்தி விருந்துக்கான சுர்மை மீன் (வஞ்சிரம்தான்), ஐஸ்கிரீம், எங்கள் குடும்ப மானம் எல்லாம் அந்த ஃப்ரீசருக்குள்தான்.

"தம்பி என்ன பண்றாப்ல?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

அப்பா உண்மையைச் சொல்வதற்குள் நான் முந்திக்கொண்டேன். "சாக்கெட் டிசைனர், மாமா! வாங்க, ரெண்டே செகண்ட்ல சிப்ப வெளிய எடுத்துக் காட்டுறேன்."

ஸ்விட்சை அணைத்தேன் (அந்தளவு அறிவு இருந்தது). விரலால் இழுத்தேன், வரவில்லை. குறட்டால் இழுத்தேன். வந்தது, உடம்பு மட்டும். கால்கள் அத்தனையும் சாக்கெட்டுக்குள்ளேயே சீப்புப் பல் மாதிரி நின்றன.

மாமா எட்டிப் பார்த்தார். "கால் உள்ளயே இருக்கே, தம்பி?"

"அதான் மாமா... ஸ்ட்ராங்."

"வேற சிப் இருக்குல்ல?" என்றாள் அக்கா, பல்லைக் கடித்தபடி.

"இருக்குக்கா. ஆனா ஓட்டையெல்லாம் பழைய காலு அடைச்சிருக்கே."

அப்பாவுக்கு இந்தியில்தான் கோபம் வரும். "பாகல் ஹை க்யாடா, பைத்தியமா நீ? ஓடிட்டு இருந்தத எதுக்குடா நோண்டுன?"

"டெமோப்பா..."

"சண்டைய அப்புறம் போடுங்க. மீன் கெட்டுப்போறதுக்குள்ள ஜல்தி அடுப்பப் பத்த வைங்க!" என்றாள் அம்மா.

மறுநாள் நடக்கவேண்டிய விருந்து நிச்சயத்தன்று சாயங்காலமே நடந்தது. குழம்பு, வறுவல், புட்டு. பக்கத்து வீட்டு பெங்காலி ஆன்ட்டி கடுகு அரைத்துக்கொண்டு ஓடி வந்தார். ஐஸ்கிரீமை எல்லோரும் டம்ளரில் குடித்தோம். மாமா மூன்றாம் முறை சோறு கேட்டபோதுதான் அப்பாவின் முகத்துக்குக் களை திரும்பியது.

விடிந்தால் கடல் கொந்தளிப்பு. நாலு நாளைக்குக் கப்பல் செய்லிங் கேன்சல். ஊர் திரும்ப முடியாமல் சம்பந்தி வீட்டார் எங்கள் வீட்டிலேயே மாட்டிக்கொண்டார்கள். நாலு நாளும் மீந்த மீன்குழம்புதான், சீட்டாட்டம்தான்.

"உங்க வீடும் உன் சாக்கெட்டு மாதிரிதான் தம்பி," என்றார் மாமா. "காலை விட்டுட்டுத்தான் வெளிய வரணும் போல."

அப்புறம் பிடியைத் தளர்த்தி, இரண்டு முனையிலும் ஸ்க்ரூடிரைவர் நுழைய இடம்விட்டு வேறு சாக்கெட் செய்தேன். ஃப்ரீசர் இன்றும் ஓடுகிறது. ஆனால் எங்கள் வீட்டிலிருந்து யார் கிளம்பினாலும் துறைமுக ஜெட்டியில் அப்பா கேட்பது ஒன்றே ஒன்றுதான். "கால் ரெண்டும் இருக்கா, பாத்துக்கோங்க!"

கல்யாணம் முடிந்து அக்கா கப்பலேறும்போதும் கேட்டார். அவள் அழுதுகொண்டே புடவையை லேசாகத் தூக்கிக் குனிந்து பார்த்தாள்.

"ஒண்ணு உள்ளயே நிக்குதுப்பா."