அந்தோனியார் சுவரைப் பார்க்கிறார்

தீவுப் பகுதியில் இதுவரை பிறந்தவர்களில் தூசணக்காவைப் போலத் தூசணம் எழுதக்கூடிய இன்னொருவர் கிடையாது. கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன். எழுதக்கூடிய என்றுதான் சொல்கிறேன், கவனியுங்கள். அவருடைய வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தையை நான் கேட்டதே இல்லை. வாய் திறந்தால் ஞாயிறு பூசையில் வாசகம் வாசிக்கிற குரல். ஊர்காவற்றுறைப் பக்கம் அவர்களுடைய வேதக் கோயிலில் உண்மையாகவே வாசகம் வாசிக்கிறவரும் அவர்தான். சொந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். அவருடைய அம்மா இந்தப் பத்திரிகையை ஒரு வாரமும் தவறாமல் வாசிக்கிறவர். மகள் கணினியில் ஏதோ கணக்குப் பார்க்கிறாள் என்று நம்பிக்கொண்டிருக்கிறவர்.

நாங்கள் வேலை செய்த கந்தோர் மண்கும்பானில், கடற்கரைக்குப் போகிற வழியில் இருந்த ஒரு வீடு. முதலாளி அந்த வீட்டிலேயே பிறந்து, இளம் வயதில் கனடாவுக்குப் போனவர். எங்களுக்கு அவர் கனடா அண்ணை. அங்கே இருக்கிற பல் வைத்தியர்களுக்கு, எந்த நோயாளி எத்தனை மணிக்கு வாயைத் திறக்க வேண்டும் என்று நேரம் ஒதுக்கிக் கொடுக்கிற மென்பொருளை இங்கே இருந்து ஆறு பேர் செய்தோம். மண்டபத்தில் மேசைகள், சமையல் நடந்த குசினியில் சேர்வர் கணினி, கிணற்றடியில் ஜெனரேற்றர். உப்புக் காற்றில் கதிரைக் கால் தொடங்கி எல்லாம் கறள் பிடிக்கும். ஆனால் கொழும்புக்கும் போகாமல், வெளிநாட்டுக்கும் போகாமல், ஊரிலேயே இருந்து இந்த வேலை செய்ய எங்களுக்குத் தெரிந்து அந்த ஒரு கந்தோர்தான் இருந்தது. அதற்குப் பொறுப்பு ரெஜி அண்ணை. நான் பிழை பிடிக்கிற ஆள். அதாவது தூசணக்கா கட்டியதைத் தட்டிப் பார்த்து, உடைந்தால் போய் அவரிடமே சொல்கிற ஆள். யாராவது இதைவிட நன்றி கெட்ட வேலை செய்திருந்தால் எனக்கு எழுதி அனுப்புங்கள், ஆறுதலாக இருக்கும்.

கணினிக்கு நிரல் எழுதும்போது இடையிடையே குறிப்பு எழுதி வைக்கலாம். அதைக் கணினி வாசிக்காது. பின்னால் வந்து பார்க்கிற மனிதருக்காக எழுதுவது. ஒழுங்கான ஆட்கள் ‘இங்கே நேரம் சரிபார்க்கப்படுகிறது’ என்று அடக்கமாக எழுதுவார்கள். தூசணக்கா எழுதியதை இந்தப் பத்திரிகை அச்சிடாது. அதில் மிகவும் பத்தியமானது ‘கோதாரி’. அதற்கு அடுத்தது ‘அறுவான்’. அதற்கு மேலே போனால், ஊர்காவற்றுறைக் கரையில் மோட்டார் நடுக்கடலில் நின்றுவிட்ட ஆம்பிளைகள் மட்டும் பாவிக்கிற சொற்கள். அவற்றை அக்கா ஒரு எழுத்துப் பிழையும் இல்லாமல், முழுச் சொல்லாக, முற்றுப்புள்ளியும் வைத்து எழுதுவார்.

சும்மா வாய்க்கு வந்தபடி எழுதுவதில்லை. அதில் ஒரு ஒழுங்கு இருந்தது. கோதாரி என்று எழுதியிருந்தால் கவனமாகத் தொடலாம். அறுவான் என்றால் அவரைக் கேட்டுவிட்டுத் தொட வேண்டும். அதற்கு மேற்பட்டது இருந்த இடத்தில் ஒருவரும் கை வைப்பதில்லை. ஆழமில்லாத பரவைக் கடலில் ஆழம் தெரிய நட்டு வைத்த கம்புகளைப் பார்த்துப் படகு ஓட்டுகிற மாதிரி, நான் அந்தத் தூசணங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் வேலை செய்தேன். எங்கே பிழை ஒளிந்திருக்கும் என்று எனக்கு இதைவிட நன்றாக யாரும் காட்டித் தந்ததில்லை.

அக்காவின் மேசையில் ஒரு சாண் உயரத்தில் அந்தோனியார் சுரூபம் ஒன்று நிற்கும். தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருகிற புனிதர் என்பதால் கணினி வேலைக்குப் பொருத்தமானவர் என்பது அவருடைய வாதம். அக்கா தூசணம் எழுதப் போகிறார் என்றால் முதலில் அந்தோனியாரைப் பிடித்து, மெதுவாக, மரியாதையாக, சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பார். பிறகு எழுதுவார். எழுதி முடித்து, பிழையும் தீர்ந்த பிறகு மறுபடி இந்தப் பக்கம் திருப்புவார். அது அப்பாவிடமிருந்து, தீவுக் கடலோடிகளிடமிருந்து வந்த பழக்கம். அவருடைய அப்பா படகில் வைத்திருந்த சுரூபத்தைத் திருப்பாமல் ஒரு நாளும் மோட்டாரை ஏசினதில்லையாம். கடலில் மோட்டாரை ஏசலாம், காற்றை ஏசலாம், கடலடிப் பாரில் சிக்கிக் கிழிந்த வலையை ஏசலாம். கூட வந்த மனிதரை ஏசக் கூடாது. கரைக்கு வந்தால் எதையுமே ஏசக் கூடாது. அக்காவுக்கு நிரல்தான் கடல்.

இதனால் எங்கள் கந்தோரில் யாரும் யாரிடமும் நிலைமை என்ன என்று விசாரிப்பதில்லை. காலையில் வந்ததும் அந்தோனியார் எங்கே பார்க்கிறார் என்று பார்ப்போம். சுவரைப் பார்த்தால் அன்றைக்குக் கனடாவுக்கு எதையும் அனுப்ப முடியாது. ரெஜி அண்ணை வாசலில் செருப்பைக் கழற்றாமலே எட்டிப் பார்த்துவிட்டு, தேத்தண்ணி குடிக்கத் திரும்பிப் போய்விடுவார்.

கனடாவில் வருடத்துக்கு இரண்டு தரம் மணிக்கூட்டை மாற்றுவார்கள். ஒரு மணித்தியாலத்தை எடுத்து ஒளித்து வைத்துவிட்டுப் பிறகு எடுத்துப் போடுவார்கள். அந்த இல்லாத மணித்தியாலத்தில் எங்கள் மென்பொருள் ஒரு கிழவருக்குப் பல்லுப் பிடுங்க நேரம் ஒதுக்கிவிட்டது. நான் போய்ச் சொன்னேன். அக்கா அந்தோனியாரைத் திருப்பினார். கொஞ்சம் யோசித்துவிட்டு முகம் துடைக்கிற லேஞ்சியை எடுத்து அவருடைய தலையையும் மூடினார். அன்றைக்கு எழுதிய குறிப்பைத் திரையில் பார்த்த ரெஜி அண்ணை, கலியாணமாகிப் பேரப்பிள்ளை கண்டவர், வெட்கத்தில் முற்றத்துக்குப் போய்விட்டார். லேஞ்சி அந்தோனியாருடைய தலையை விட்டு இறங்க ஒரு கிழமை பிடித்தது. இறங்கிய பிறகு, மணிக்கூடு மாறுகிற நாளில் ஒரு பல் வைத்தியரும் எங்களுக்கு முறைப்பாடு அனுப்பவில்லை.

கனடா அண்ணையின் பேச்சு வேறு மாதிரி. அதில் ஒரு கல் கூட இருக்காது. எங்களில் சின்னவளான சுதா என்ற பிள்ளை ஒரு தரம் ஒரு பிழை விட்டபோது, திரைக் கூட்டத்தில் எல்லாருக்கும் முன்னால் புன்சிரிப்போடு சொன்னார்: “கோவிக்காதேங்கோ தங்கச்சி. எல்லாருக்கும் எல்லா வேலையும் சரிவராது. கோழி வளர்க்கிறதும் நல்ல தொழில்தானே.” சுதாவும் சிரித்தாள். அதற்குப் பிறகு கூட்டங்களில் அவள் வாயே திறக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு போய், குசினியில், இரைகிற சேர்வருக்குப் பக்கத்தில் இருந்து தனியாகச் சாப்பிடத் தொடங்கினாள். அவளுடைய வீட்டில் கோழி வளர்த்துத்தான் அவளைப் படிப்பித்தார்கள் என்பது கனடா அண்ணைக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் இன்னும் இனிமையாகச் சொல்லியிருப்பாரோ என்னவோ.

பிறகு வந்தது வில்லங்கம். பெரிய பல் வைத்தியசாலை நிறுவனம் ஒன்று எங்கள் மென்பொருளை வாங்க முன்வந்தது. வாங்குவதற்கு முன் உள்ளே என்ன இருக்கிறது என்று துருவினார்கள். தமிழ்க் குறிப்புகளை ஒரு மொழிபெயர்ப்பு இயந்திரத்தில் போட்டார்கள். அது தூசணங்களுக்கு முன்னால் கையை விரித்துவிட்டு, அகராதியில் நோய்ப் பெயராக இருக்கிற கோதாரியை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. மென்பொருளில் பல இடங்களில் வாந்திபேதி இருப்பதாக அறிக்கை வந்தது. பல் வைத்தியர்கள் அல்லவா, பயந்துவிட்டார்கள். விளக்கம் கேட்டுக் கனடா அண்ணைக்கு அனுப்பினார்கள். அவருக்கு மொழிபெயர்ப்பு எதற்கு? மண்கும்பானில் பிறந்தவர், ஒவ்வொரு சொல்லுக்கும் தூரும் வேரும் தெரிந்தவர்.

உத்தரவு வந்தது. எல்லாத் தூசணத்தையும் அழிக்க வேண்டும். எழுதியவர் கூட்டத்தில் எல்லாருக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டும். இல்லையென்றால் மண்கும்பான் கந்தோரை மூடிவிட்டு வேலையைக் கொழும்புக்குக் கொடுத்துவிடுவார்.

ரெஜி அண்ணை அக்காவின் மேசைக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்து மன்றாடினார். ஆறு பேருடைய சோறு, ஒரு சொல்தானே, சொல்லிவிட்டு மறந்துவிடலாம் என்றார். அக்கா எல்லாவற்றையும் கேட்டார். “அண்ணை, நான் ஆருக்குப் பிழை செய்தனான்? அந்த மணிக்கூட்டுக்கோ? அதிட்டை வேணுமெண்டால் மன்னிப்புக் கேக்கிறன்” என்றார்.

கூட்டத்து நாள் ரெஜி அண்ணை கழுத்துப் பொத்தான் வரைக்கும் பூட்டிக்கொண்டு வந்தார். திரையில் கனடா அண்ணை தோன்றினார். தான் கோபத்தில் கதைக்கவில்லை என்றும், கண்ணியமான மொழி ஒரு நிறுவனத்துக்கு மூச்சு மாதிரி என்றும், ஒரு வார்த்தை மன்னிப்போடு எல்லாம் முடிந்துவிடும் என்றும் பன்னீர் தெளித்த மாதிரிச் சொல்லி முடித்தார். பிறகு எல்லாரும் அக்காவைப் பார்த்தோம்.

அக்கா கையை நீட்டி அந்தோனியாரைச் சுவர்ப் பக்கம் திருப்பினார்.

சுதா கண்ணை மூடிக்கொண்டாள். ரெஜி அண்ணையின் கை சத்தத்தை நிறுத்துகிற பொத்தானைத் தேடித் தடவியது. நான் மட்டும் கதிரையைக் கொஞ்சம் கிட்ட இழுத்துப் போட்டேன். இத்தனை காலம் வாசித்ததை ஒரு தரமாவது காதால் கேட்டுவிட வேண்டும் என்ற ஆசை, வேலை போனாலும் போகட்டும்.

“அண்ணை, அழிக்கச் சொன்னால் அழிக்கிறன். அது உங்கடை சாமான்” என்றார் அக்கா, வாசகம் வாசிக்கிற அதே குரலில். “ஆனால் நான் ஏசினதெல்லாம் மிசினை. மனுசரை ஏசினதில்லை. சுதாவை நீங்கள் கோழி வளர்க்கச் சொன்னனீங்கள். அதில ஒரு தூசணமும் இல்லை. அந்த நாளில இருந்து இந்தப் பிள்ளை குசினிக்குள்ள இருந்துதான் சாப்பிடுது. அதுக்கு ஆர் மன்னிப்புக் கேக்கிறது?”

கனடா அண்ணையின் கண் சுரூபத்திலேயே நின்றது. எங்கள் தீவுக்காரர் அல்லவா, அது எதற்கென்று அவருக்குத் தெரியும்.

“அவரை ஏன் திருப்பினனீர்? இப்ப என்னை ஏசப் போறீரோ?” என்று கேட்டார்.

“இல்லை அண்ணை. மன்னிப்புக் கேள் எண்டுதான் அவர் சொல்லுவார். நான் கேக்கப் போறதில்லை. அதைப் பாத்துக்கொண்டு நிக்க அவருக்குக் கஷ்டமாயிருக்கும். அதுதான் திருப்பினனான்.”

திரை அணைந்தது. ரெஜி அண்ணை கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிட்டு, கதிரை மேசைகளை யாரிடம் விற்கலாம் என்று யோசிக்கத் தொடங்கினார். மறுநாள் கனடாவிலிருந்து ஒரு வரி வந்தது. அழித்துவிட்டு அனுப்பவும். மன்னிப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அடுத்த கூட்டத்தில், ஊரில் ஒருவரும் சாப்பிடாத ஒரு நேரத்தில், கனடா அண்ணை தொண்டையைச் செருமிவிட்டு, “சுதா, சாப்பிட்டீங்களோ?” என்று கேட்டார். சுதா “ஓம் அண்ணை” என்றாள். அதற்குப் பிறகு எல்லாக் கூட்டத்திலும் கேட்டார். அதற்கு மேல் அவருக்கு வராது என்று எங்களுக்கும் தெரிந்திருந்தது. சுதா சாப்பாட்டை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்கு வந்துவிட்டாள்.

வேலைத்தலத்தில் கெட்ட வார்த்தை கூடாது என்று சுவரில் ஒட்டி வைக்கிற கந்தோர்களை நான் இப்போதும் பார்க்கிறேன். ஒட்டட்டும். ஆனால் கெட்ட வார்த்தையால் ஒரு பிள்ளை குசினிக்குள் போய் ஒளிந்ததை நான் கண்டதில்லை. நல்ல வார்த்தையால் போனதைக் கண்டிருக்கிறேன். இதைக் கண்ணியம் தெரியாதவன் பேச்சு என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

அக்கா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஒரு தூசணம் மிச்சமில்லாமல் அழித்தார். கோதாரி இருந்த இடத்தில் ‘அந்தோனியார் பாதி திரும்பி நிற்கிறார்’ என்று எழுதினார். அறுவான் இருந்த இடத்தில் ‘அந்தோனியார் சுவரைப் பார்க்கிறார்’. மணிக்கூடு மாறுகிற இடத்தில் ‘அந்தோனியார் சுவரைப் பார்க்கிறார், தலையில் லேஞ்சி’. மொழிபெயர்ப்பு இயந்திரம் இதையெல்லாம் அழகாக மொழிபெயர்த்துக் கொடுத்தது. ஊழியர்களின் பக்தியைத் தாங்கள் மிகவும் மதிப்பதாகப் பல் வைத்தியசாலைக்காரர் எழுதி அனுப்பினார்கள். கனடா அண்ணைக்கு விளங்காமல் இருந்திருக்காது. ஆனாலும் அப்படியே விட்டுவிட்டார்.

பிறகு அக்காவுக்குக் கொழும்பில் நல்ல வேலை கிடைத்தது. போகிற நாளன்று சுரூபத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். “தொலைஞ்சதைக் கண்டுபிடிச்சுத் தாறவர். பிழை பிடிக்கிற உமக்குத்தான் கூடத் தேவை” என்றார். நான் சைவம் அக்கா என்றேன். “அவர் அதெல்லாம் விசாரிக்க மாட்டார்” என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறப் போனார்.

இப்போது அக்காவின் நிரலை நான்தான் பார்க்கிறேன். எத்தனையோ பிழைகள் வந்தும் அந்தோனியாரைத் திருப்பியதில்லை. அக்கா போன அன்றைக்கு மட்டும், பஸ் திரும்பி மறைந்த பிறகு, மெதுவாகப் பிடித்துச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். இத்தனை வயதான ஒருவன் மேசையில் தலையை வைத்து அழுவதை அவர் பார்க்க வேண்டாமே.