என் முகத்தைச் சுவரிலிருந்து இறக்குவது குறித்து

மதிப்பிற்குரிய இயக்குநர் லுவான் அவர்களுக்கு,

ஹெங்தியான் ஊர், பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள குடியிருப்பில் வசிக்கும் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஜியாங் பாவ்ரோங் பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும், தங்கள் குடும்பத்தாரும், நடிகர் நடிகையரும், தங்கள் தொடரில் முதல் வாரத்திலிருந்து நொண்டிக்கொண்டே வரும் அந்தப் பழுப்புக் குதிரையும் நலமாயிருக்க வேண்டும். இங்கு நான் நலம். உயிரோடுதான் இருக்கிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் இந்தக் கடிதமே அதைப் பற்றியதுதான்.

தாங்கள் இயக்கிய ‘ஒன்பது மலை நிலவுக்கு ஒரு சபதம்’ தொடரில் கதாநாயகியின் அப்பா, பொய்க் குற்றம் சாட்டிக் கொல்லப்பட்ட அமைச்சர் ஷென், சுவரில் படமாகத் தொங்குகிறாரே, அது நான்தான். போன வருஷம் நூடுல்ஸ் கடையில் நான் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தங்கள் கலைப் பிரிவைச் சேர்ந்த ஒரு பெண் வந்து, “தாத்தா, உங்களுக்கு அநியாயமாத் தண்டனை வாங்கின நேர்மையான மனுஷன் முகம்” என்றாள். முப்பது வருஷம் ஈவூ வழித்தடத்தில் வண்டி ஓட்டியிருக்கிறேன், இப்படி ஒரு வார்த்தை எந்தப் பயணியும் சொன்னதில்லை. உச்சி குளிர்ந்துவிட்டது. போனேன். தாடி ஒட்டினார்கள், தொப்பி வைத்தார்கள், நாற்காலியில் உட்காரவைத்துப் புகைப்படம் எடுத்தார்கள், அதைப் பார்த்து ஒருவர் படம் வரைந்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. எல்லாப் பகுதியிலும் வருவீர்கள் என்று மட்டும் அந்தப் பெண் சொன்னாள். அது பொய்யில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். சும்மா இருக்க முடியுமா? முதல் பகுதி வந்த அன்று என் மனைவி ஃபெங்ஜூவின் நடனக் குழுப் பெண்கள் அத்தனை பேரும், பக்கத்து வீட்டு ஜின்னும் எங்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஃபெங்ஜூ சூரியகாந்தி விதையை வறுத்துத் தட்டுத் தட்டாக வைத்தாள். கதாநாயகி வந்தாள், கதவைத் திறந்தாள், என் முகம் வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். அப்புறம் அவள் என் முன்னால் மண்டியிட்டு, ஊதுபத்தி கொளுத்தி, “அப்பா, உங்கள் ஆவி சாந்தியடையட்டும்” என்றாள் பாருங்கள், கைதட்டல் அப்படியே நின்றுவிட்டது. ஜின் மெதுவாக என் பக்கம் நகர்ந்து வந்து என் கையைத் தொட்டுப் பார்த்தான். சூடாக இருக்கிறதா என்று பார்த்தானாம், படுபாவி!

எல்லாரும் போன பிறகு ஃபெங்ஜூ ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “சிவப்பு உறை எங்கய்யா?”

தங்களுக்குத் தெரியாததில்லை. படப்பிடிப்பே பிழைப்பான நம்ம ஊரில் கேமரா முன்னால் யார் செத்தாலும், அம்பு பட்டு விழுந்தவனோ ஓரமாகப் பிணமாகப் படுத்தவனோ, பீடை கழியட்டும் என்று கொஞ்சம் பணம் போட்ட ஒரு சிவப்பு உறையைக் கையில் கொடுத்துத்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள். எனக்குக் கொடுக்கவில்லை. மறுநாள் காலையிலேயே தங்கள் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். அங்கே இருந்த கண்ணாடி போட்ட தம்பி என்ன சொன்னார் தெரியுமா? “ஐயா, படுத்துச் செத்தவங்களுக்குத்தான் உறை. நீங்க நாற்காலியில நிமிர்ந்து உக்காந்திருந்தீங்க. கணக்குல நீங்க ஆள் இல்ல, சாமான். மேசை, விளக்கு, நீங்க.” நான் திரும்பி வந்து இதை அப்படியே வீட்டில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

அன்று பிடித்தது சனி. குளியலறைக் குழாய் உடைந்தது, எனக்குச் சளி பிடித்தது, குடியிருப்பு லிஃப்ட் இரண்டு தரம் என்னோடு மட்டும் நின்றது, எல்லாவற்றுக்கும் காரணம் அந்த ஊதுபத்திதான் என்றாள் ஃபெங்ஜூ. “ஊரு முழுக்கத் தினம் சாயங்காலம் உனக்குப் பத்தி கொளுத்திக் கும்புடுது, நீ எப்படிய்யா நல்லா இருப்ப?” நான் சொன்னேன், அது நடிப்புடி, அந்தப் பத்தியில புகைகூட வரல, நல்லாப் பாரு. “புகை வராத பத்தி அதைவிட மோசம்”னு சொல்லிட்டா. மூணாவது மாடிக் குழந்தை என்னைப் பார்த்தா கை கூப்பி மூணு தரம் குனியுது. அதுக்கு நான் மிட்டாய் குடுக்க ஆரம்பிச்சேன், இப்ப நாலு குழந்தைங்க குனியுதுங்க.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பாள். அவள் அண்ணன் பேரன் கல்யாணத்தில்தான் வந்தது வினை. தலைமேசையில் உட்கார்ந்து ஹாம் பன்றிக்கறித் துண்டை வாயில் வைக்கப் போனேன். எதிரே இருந்த கல்யாணப் பெண்ணின் அம்மா சாப்பாட்டுக் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, “இவரு… இவருக்கு நேத்துதானே நாப்பத்தொம்பதாவது நாள் காரியம் நடந்துச்சு?” என்றாள். முந்தின நாள் பகுதியில் அப்படித்தான் நடந்தது. கல்யாண வீட்டில் செத்தவன் முகம் எதற்கு என்று ரொம்ப மரியாதையாகச் சொல்லி, என்னைச் சமையல்கட்டுப் பக்கத்து மேசைக்கு மாற்றினார்கள். ஃபெங்ஜூ முகம் சுண்டிப்போச்சு. வீட்டுக்கு வந்து பெட்டியைக் கட்டினாள். “அவங்க உன் முகத்தை இறக்கட்டும், இல்ல உறையைக் குடுக்கட்டும். அது வரைக்கும் நான் என் தங்கச்சி வீட்டுலதான் இருப்பேன்”னு சொல்லிட்டு ஈவூ பஸ் ஏறிட்டா. போகும்போது டிவி ரிமோட்டையும் கையோட எடுத்துட்டுப் போயிட்டா. நான் ஒவ்வொரு தரமும் எழுந்து போய்ச் சத்தத்தைக் குறைக்கிறேன், எனக்கு மூட்டு வலி.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கோபித்துக்கொள்ளாதீர்கள். தங்கள் தொடர் மகா மட்டம். அதை நான் தனியாக உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது, அதுதான் என் கஷ்டம். தளபதி எட்டு வருஷம் போர் செய்கிறார், வெள்ளை அங்கியில் ஒரு பொட்டு அழுக்கில்லை. ராத்திரி எல்லையில் கிளம்பி விடியும்போது தலைநகரில் கதாநாயகிக்குக் குடை பிடிக்கிறார். அவ்வளவு தூரத்தை எந்த வண்டியாலும் ஒரு ராத்திரியில் ஓட்ட முடியாது, ஓட்டுநர் என்ற முறையில் சொல்கிறேன். கதாநாயகி ஆண் வேஷம் போடுகிறாள் என்று கொண்டையை ஒரு விரற்கடை மேலே தூக்கிக் கட்டுகிறாள், உதட்டுச் சாயத்தோடு, ஒரு பாளையம் முழுக்க யாருக்கும் தெரியவில்லை! அத்தனை பேரும் குருடா? எப்போது பார்த்தாலும் பீச் மரத்துப் பூ கொட்டுகிறது, பனி பெய்யும்போதும் கொட்டுகிறது. ஒருத்தரும் ஒரு வாய் சோறு தின்று நான் பார்க்கவில்லை, குச்சியால் தூக்குகிறார்கள், பெருமூச்சு விட்டு வைத்துவிடுகிறார்கள். ஃபெங்ஜூ பக்கத்தில் இருந்தால், “சாப்பிடுடி, ஆறிப்போகுது”ன்னு அதட்டுவா. நான், “தளபதிக்குத் துணி துவைக்கிறது யாரு?”ம்பேன். “உன்னை மாதிரி இல்ல, அவன் பொண்டாட்டியைக் கஷ்டப்படுத்தாத ஆளு”ம்பா. இப்படித்தான் ஒவ்வொரு சாயங்காலமும் எங்களுக்குப் போகும், எத்தனையோ வருஷமா, எத்தனையோ மட்டமான தொடரோடு. இப்ப அந்தக் கண்றாவியைப் பாத்துட்டு யாருகிட்ட திட்டுறது? வீடு வெறிச்சோடிக் கெடக்கு. அவ வேணும் எனக்கு.

ஆகவே வேண்டிக்கொள்வது என்னவென்றால், மறுஒளிபரப்பிலாவது என் முகத்தை மாற்றிவிடுங்கள். முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். தொடரின் இரண்டாம் நாயகன் ஏதோ வழக்கில் மாட்டியதும் அவர் முகத்தை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரில் வேறு முகம் பொருத்தினீர்களே, கழுத்து இடப்பக்கம் திரும்பினால் முகம் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பின்னால் வருகிறதே, அவ்வளவு வேலை செய்தவர்களுக்குச் சுவரில் அசையாமல் இருக்கும் ஒரு கிழவனின் முகத்தை மாற்றுவது பெரிய காரியமா? அல்லது அந்தச் சிவப்பு உறையையாவது கொடுத்தனுப்புங்கள். உள்ளே என்ன இருந்தாலும் சரி, சிவப்பாக இருந்தால் போதும்.

தங்கள் அடுத்த படப்பிடிப்பில் மழை வேண்டிய அன்று மழையும் வேண்டாத அன்று வெயிலும் கிடைக்கட்டும். கண்ணாடி போட்ட தம்பிக்கு என் விசாரிப்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
இன்றைய தேதி வரை உயிரோடிருக்கும்
ஜியாங் பாவ்ரோங்
(அமைச்சர் ஷென், சுவர்)

பின்குறிப்பு: கடித உறையை ஒட்டி வச்சிட்டுத் (மறுபடி பிரிச்சுத்தான் இதை எழுதுறேன்) தபால் நிலையத்துக்குக் கிளம்பினேன், கதவைத் திறந்தா வாசல்ல ஃபெங்ஜூ, பெட்டியும் ரிமோட்டுமா நிக்கிறா. உள்ள வந்து உக்காந்ததும், “அந்த வீட்டுல மனுஷி இருப்பாளா?”ன்னு ஆரம்பிச்சா. தங்கச்சி வீட்டுல வெள்ளை சோபாவாம், விதை கொறிக்கக் கூடாதாம். அதுகூடப் பரவாயில்லையாம். “எதைக் காட்டினாலும் ‘ஐயோ என்னா அழகு, என்னா அழகு’ங்கிறாய்யா! குதிரை நொண்டுதுடின்னேன், அதுவும் அழகுங்கிறா. இவகூட ஒக்காந்து எப்படிப் பாக்குறது? கடைசிப் பகுதி இன்னிக்கு. விதை இருக்கா, தீர்த்துட்டியா?”

இருந்துச்சு. பாத்தோம். தளபதி மலையிலேர்ந்து விழுந்தாரு, விழுந்தாரு, விழுந்துக்கிட்டே இருந்தாரு, நான் போய் வெந்நீர் எடுத்துட்டு வந்தேன், அப்பவும் விழுந்துக்கிட்டிருந்தாரு. கடைசியில எல்லாமே போன ஜென்மத்துல கண்ட கனவுன்னு முடிச்சிட்டீங்க. நல்லா இருப்பீங்க! அதுக்கப்புறம் கதாநாயகி தனியா வீட்டுக்கு வந்து என் படத்துக்கு முன்னாடி உக்காந்து அழுதா. நான் ஃபெங்ஜூவை ஓரக்கண்ணால பாத்தேன், மறுபடி பெட்டியைத் தூக்கிடுவாளோன்னு பயம். அவ விதை கொறிக்கிறதை நிறுத்திட்டு டிவிக்குக் கிட்டப் போய் நின்னா.

“இதெல்லாம் ஒரு அழுகையாடி? கண்ணு மை கலையல, மூக்கு சிவக்கல. அப்பன் போனதுக்கு அழறியா, பூ உதிர்ந்ததுக்கு அழறியா? இந்தப் பெருசு போற அன்னிக்கு நான் அழுவேன், அப்ப வந்து பாரு. இந்தக் குடியிருப்பே தாங்காது.”

சொல்லிட்டு டிவியை அணைச்சா. அப்புறம் திரும்பி வந்து உக்காந்து, விதையை உரிச்சு உரிச்சு என் கையில வச்சா. படுக்கப் போகும்போது பாத்தா என் தலையணை அடியில ஒரு சிவப்பு உறை, அவ நடனக் குழுவுல வாங்கினது. அது மேலயே தலையை வச்சுப் படுத்தேன்.

அதனால படத்தை இறக்க வேணாம், அப்படியே தொங்கட்டும். உறையும் வேணாம். அந்தக் கதாநாயகிப் பொண்ணுக்கு அழக் கத்துக்குடுக்கணும்னா மட்டும் எங்க வீட்டுக்கு அனுப்புங்க, ஃபெங்ஜூ செஞ்சு காட்டுவா. ஆனா அவசரமில்ல, இன்னும் ரொம்ப வருஷம் கழிச்சு அனுப்பினா போதும்.