அழைப்புமணியில் பெயர் இல்லாதவர்

போனை மேசைமேல் வைத்துவிட்டு நிம்மதியாகக் காபி குடித்துக்கொண்டிருக்கிறீர்கள். எதிரே இருப்பவர் அதை எட்டிப் பார்க்கிறார். துக்கம் விசாரிக்க வந்தவர் போலத் தலையைச் சாய்க்கிறார். "இன்னுமா இதையெல்லாம் வெச்சிருக்கீங்க?" என்கிறார். முடிந்தது. நீங்கள் செயலிச் சீர்திருத்தக்காரரிடம் மாட்டிக்கொண்டீர்கள். காபி ஆறத்தான் போகிறது.

இந்த இனம் எங்கும் உண்டு என்றாலும் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து மண்ணில் கொஞ்சம் கொழுத்து வளரும். நல்ல மாதிரி ஒன்று வேண்டுமானால் ஆர்னோ வெண்ட்லரை எடுத்துக்கொள்ளுங்கள். வயது நாற்பத்தாறு, குடிநீர் அலுவலகத்தில் வரைபடம் போடும் வேலை. போன் வாங்கிய அன்றே அதிலிருந்த அத்தனையையும் துடைத்தெறிந்துவிட்டு, முகம் தெரியாத நல்லவர்கள் ஓய்வு நேரத்தில் எழுதி ஊருக்குத் தானம் கொடுத்த மென்பொருளை ஏற்றி, உளவு பார்க்காத உலாவி, மோப்பம் பிடிக்காத கீபோர்டு, யாரிடமும் கோள் சொல்லாத நாட்காட்டி, பூட்டுக்குள் பூட்டு போட்ட மின்னஞ்சல் என்று ஒவ்வொன்றாகக் குடியேற்றி, கடைசியில் அந்தப் போனை ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போட்டு மூடி வைத்திருப்பவர். கூப்பிட்டால் எடுக்க மாட்டார். டின்னுக்குள் மணி கேட்காது.

செயலிகளில் குறை இல்லை என்பதை அவர் மனைவி ரோமியே ஒப்புக்கொள்வாள். எந்த வீடியோவைப் போட்டாலும் முகம் சுளிக்காமல் ஓட்டும் அந்த ஆரஞ்சுக் கூம்புச் சின்னம் போட்ட செயலியை அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். தொல்லை என்னவென்றால், ஆர்னோவுக்கு மிகவும் பிடித்த செயலி எதுவும் ஒன்றரை மாதத்துக்கு மேல் மிகவும் பிடித்ததாக இருப்பதில்லை. அரட்டைச் செயலியையே எடுத்துக்கொள்ளுங்கள். பதினாலு பேர் இருந்த குடும்பக் குழுவை அவர் ஒரு செயலியிலிருந்து இன்னொன்றுக்கும், அதைவிடப் பத்திரமான வேறொன்றுக்கும் நடத்திப் போனார். ஐந்தாவதுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவருடன் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒன்று ரோமி. இன்னொன்று ஆர்னோவின் பழைய போன்.

விருந்துக்குப் போனாலும் சும்மா இருப்பாரா? ரோமியின் அக்கா வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கசகசா கேக் பரிமாறுவதற்குள் மடிக்கணினியைத் திறந்து, பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டிவிட்டார்.

"இனிமே இது உங்களோடது. வேற எவனும் உள்ள வர முடியாது" என்றார்.

"நான் வரலாம்ல?" என்று கேட்டாள் அக்கா.

"கொஞ்ச நாள்ல பழகிடும்."

"சரி, பிரிண்டர்?"

"அது மட்டும் இன்னும் ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கு."

இது நடந்து இரண்டு வருடமாகிறது. அந்தச் சின்ன வேலை இன்னும் பாக்கி இருக்கிறது.

போன ஜனவரியில் சீர்திருத்தம் கணினியை விட்டு வெளியே இறங்கியது. கீழ்வாசலில் இருந்த பன்னிரண்டு அழைப்புமணிகளில் தங்களுடையதற்கு மேலிருந்த பெயரையும், தபால்பெட்டியில் இருந்ததையும் ஆர்னோ நகத்தால் சுரண்டி எடுத்தார். கட்டடத்துக்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி எண் கிடையாது, பெயரைப் பார்த்துத்தான் தபால்காரர் போடுவார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாததல்ல.

"போற வர்றவன் எல்லாம் எதுக்கு நம்ம பேரைப் படிக்கணும்?" என்றார்.

"போற வர்றவன் படிக்க வேணாம், ஆர்னோ. தபால்காரர் படிக்கணும்ல."

"முக்கியமானவங்களுக்கு என்னை எப்படிப் பிடிக்கறதுன்னு தெரியும்."

ரோமிக்கு முக்கியமானது ஒன்றே ஒன்றுதான். தோட்டம். ஊர் ஓரத்தில் தோட்டச் சங்கம் வாடகைக்கு விடும் துண்டு நிலம். ஒரு குடிசை, ஒரு ஆப்பிள் மரம், நாலு பாத்தி. பால்கனி வாளிகளில் மூன்று கருந்திராட்சைச் செடிகளை வைத்துக்கொண்டு, அவற்றுக்கு உண்மையான மண்ணைக் காட்ட ஏழு வருடமாகக் காத்திருந்தாள். பட்டியல் அவ்வளவு நீளம். ஏழு வருடத்துக்கு முன் ஆர்னோதான் சங்கத்துக்குப் போய்வந்து, "பதிஞ்சாச்சு. கவலைப்படாதே" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு கெட்டிக்காரச் சிரிப்பு இருந்தது. அந்தச் சிரிப்பு ரோமிக்கு அன்றே பிடிக்கவில்லை.

இனி ஒரு சனிக்கிழமைக்கு வருவோம். மணி பதினொன்று. ரோமி தெருமுனை பேக்கரி வரிசையில் நிற்கிறாள். முன்னால், காலில் சைக்கிள் கிளிப்போடு, கையில் ஒரு திரும்பி வந்த கடிதத்தோடு, தோட்டச் சங்கத் தலைவர் மோபியஸ். அவளை அவர் பார்த்ததில்லை. அவரை அவளுக்குச் சங்கத்து அறிவிப்புப் பலகைப் படத்தில் தெரியும். உறைமேல் தங்கள் பெயர் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாள்; தெரியவில்லை.

"ஃப்ராவ் க்ரால், எதிர் வீட்டுல பிர்ன்பாம்னு யாராவது இருக்காங்களா?" என்று கல்லாவில் இருந்தவளைக் கேட்டார் அவர். "ஏழு வருஷமா காத்திருந்த மனுஷன். முறை வந்திருக்கு. கடுதாசி திரும்பி வந்துடுச்சு, மின்னஞ்சல் போகல. இன்னிக்குப் பன்னண்டு மணிக்குள்ள கையெழுத்துப் போடலேன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும்."

ரோமிக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. யாரோ பிர்ன்பாம், பாவம்.

"பிர்ன்பாமா? நம்ம ஆர்னோ வெண்ட்லர்தான்" என்றாள் ஃப்ராவ் க்ரால், ரொட்டியைப் பையில் போட்டபடி. "சங்கம் கிங்கம்னா பிர்ன்பாம். பீட்ஸா வாங்கினா ஸ்டைன். உண்மைப் பேரை எங்கயும் குடுக்கக் கூடாதுன்னு அவர்தான் எனக்குச் சொல்லிக் குடுத்தாரு. மூணாவது மாடி, இடது பக்கம். இப்போ அங்க இருக்க மாட்டாரு. சனிக்கிழமை பதினொண்ணுக்கு வாய்க்கால் ஓரமா பெஞ்சு எண்ணிட்டிருப்பாரு, இணையத்துல எல்லாரும் சேர்ந்து போடற அந்த இலவச வரைபடத்துல ஏத்தறதுக்கு. கடவுச்சொல் இருபத்தேழு எழுத்து. போன் பிஸ்கட் டின்ல. தினமும் நாலு கசகசா ரொட்டி, ரொக்கமாத்தான் குடுப்பாரு. கார்டுல குடுத்தா நாம என்ன சாப்பிடறோம்னு நாலு பேருக்குத் தெரிஞ்சிடுமாம்."

வரிசையில் நின்ற ஆறு பேரும் தலையாட்டினார்கள். அவர்களுக்கும் இதெல்லாம் தெரிந்துதான் இருந்தது. பிர்ன்பாமைத் தெரியாதவள் அந்தக் கடையில் ரோமி ஒருத்திதான். அவமானத்தில் அவள் காது சூடாகியது. மோபியஸ் சைக்கிளை எடுத்தார். ரோமி ரொட்டியை மறந்துவிட்டு ஓடினாள்.

வாய்க்கால் பாலத்தில் அவள் மூச்சிரைக்க ஏறியபோது கீழே இருவரும் நேருக்கு நேர் நின்றிருந்தார்கள். ஆர்னோ கையில் அளவு நாடா. பெஞ்சின் நீளத்தைக் குறித்துக்கொண்டிருந்தார்.

"ஹெர் பிர்ன்பாம்?" என்று மரியாதையாகக் கேட்டார் தலைவர்.

இங்கேதான் நீங்கள் இந்த இனத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். எத்தனை வருடப் பயிற்சி! முன்பின் தெரியாத ஒருவர் பெயரைக் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று மூளையைக் கேட்காமலே நாக்குக்குத் தெரியும்.

"அப்படி யாரையும் எனக்குத் தெரியாது" என்றார் ஆர்னோ.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யார் அனுப்பினாங்க உங்களை? நான் இங்க இருக்கேன்னு எப்படித் தெரியும்?"

"பேக்கரில சொன்னாங்க. சரி, நீங்க பிர்ன்பாம் இல்லையா?"

"ஆர்னோ, ஆமான்னு சொல்லு" என்று பாலத்திலிருந்து கத்தினாள் ரோமி.

ஆர்னோ நிமிர்ந்து பார்த்தார். இது ஏதோ பெரிய பொறி என்று முடிவே செய்துவிட்டார். "அந்தம்மாவையும் எனக்குத் தெரியாது" என்றார்.

மோபியஸ் சட்டப்படி நடப்பவர். பையிலிருந்து பட்டியலை எடுத்து, பெஞ்சின் மேல் வைத்து, அளவுகோல் வைத்து நேராக ஒரு கோடு போட்டுப் பிர்ன்பாமை அடித்தார். அப்போதுதான் ஆர்னோவின் கண்ணில் தாளின் தலைப்பு பட்டது. தோட்டச் சங்கம். நாடா கையிலிருந்து நழுவியது.

"நான்தான். நான்தான் பிர்ன்பாம்" என்றார்.

"அப்போ அந்தப் பேருல அடையாள அட்டை காட்டுங்க."

உலகத்தில் எங்கும் இல்லாத அட்டையை எப்படிக் காட்டுவது? தலைவர் அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினார். "அடுத்தது ரோமி வெண்ட்லர்."

"இங்க" என்றாள் ரோமி, படியிறங்கி வந்து.

அந்தக் கெட்டிக்காரச் சிரிப்பைப் பார்த்த மறுநாளே அவள் சாப்பாட்டு இடைவேளையில் சங்கத்துக்குப் போய், பேனாவால், சொந்தப் பெயர், பிறந்த தேதி, வேலை செய்யும் இடம், போன் எண் எல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். வரிசையில் எத்தனையாவது என்று மட்டும் அவளுக்குத் தெரியாது. அட்டையை நீட்டினாள். ஏழு வருடம் இல்லையா, சந்தோஷத்தில் அழுதேவிட்டாள்.

"உண்மைப் பேரா குடுத்தே? போன் நம்பருமா?" என்று திகிலோடு கேட்டார் ஆர்னோ.

"ஆமா. அதான் என்கிட்ட ஆப்பிள் மரம் இருக்கு."

இப்போது தோட்டத்துக் கதவில் 'ரோமி வெண்ட்லர்' என்று பலகை தொங்குகிறது. பாதையிலிருந்து படிக்கும்படி பெயர் இருக்க வேண்டும் என்பது சங்க விதி. ஆர்னோ ஞாயிறுதோறும் விருந்தாளியாக வருகிறார். போன வாரம் குடிசை, குழாயடி, மூன்று கருந்திராட்சைச் செடிகள், தான் தூங்கும் சாய்வு நாற்காலி எல்லாவற்றையும் உலகம் முழுவதும் பார்க்கும் வரைபடத்தில் துல்லியமாக ஏற்றிவிட்டார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். அந்த ஐந்தாவது செயலி எது, அதைவிட நல்லதாக ஆறாவது ஒன்று இருக்கிறதே, அது ஏன் ஆர்னோவுக்குத் தெரியவில்லை என்று படிக்கும்போதே உங்கள் நாக்கு துறுதுறுத்ததா? இல்லை என்று அவசரப்பட்டுச் சொல்ல வேண்டாம். உங்களைப் பற்றி நான் பேக்கரியில் விசாரித்துக்கொள்கிறேன்.