அக்கா முந்தானையில் கற்பக விருட்சம்

பட்டுப்புடவைக்கு டிசைன் வரைகிறவன் எதைப் பார்த்தாலும் அது முந்தானையில் எப்படி விழும் என்றுதான் பார்ப்பான். என்ன ஏது என்று விசாரிக்க மாட்டான். எண்பதுகளின் தொடக்கத்தில் ஆரணியில் நானும் அப்படித்தான் திரிந்தேன், என்னை விட்டால் ஆளில்லை என்ற நினைப்போடு.

பழைய பேப்பர் கடையில் ஆங்கிலப் பத்திரிகை ஒன்றின் கிழிந்த பக்கம் கிடைத்தது. நீலக் கடல், கரையில் தென்னைகள், நடுவே வானத்தை முட்டிக்கொண்டு வெள்ளையாக ஒரு மரம். (எழுத்து இருந்த பாதியைக் காணோம். இருந்திருந்தாலும் எனக்குப் படிக்கத் தெரியாது.) கற்பக விருட்சம் என்று நானே பெயர் வைத்து, அக்காவின் பெண் அழைப்புப் புடவையில் ஜரிகையில் நெய்ய வைத்தேன். நெசவாளர்கள் நிறைந்த பக்கத்து ஊர் சேவூரே மெச்சியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

பெண் அழைப்பன்று மாப்பிள்ளையின் சித்தப்பா, போளூரில் சயின்ஸ் வாத்தியார், முந்தானையையே உற்றுப் பார்த்தார்.

"இது யாரு போட்ட டிசைன்?"

"நான்தாங்க. கற்பக விருட்சம். கேட்டதெல்லாம் குடுக்கும்."

"இது அணுகுண்டு தம்பி. பசிபிக் கடல்ல பிகினின்னு ஒரு தீவு. அங்க அமெரிக்காக்காரன் வெடிச்சுப் பார்த்தப்ப எழும்புன பொகை."

மாப்பிள்ளையின் அம்மா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். "குண்டைக் கட்டிகினா என் வூட்டுக்கு வர்றா?" என்றார். கல்யாணம் நின்றுவிட்டது என்றே நினைத்தேன். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை.

அக்கா மட்டும் வாத்தியாரிடம் மெதுவாகக் கேட்டாள். "அங்க இருந்த சனங்க?"

"கொஞ்ச நாளைக்குன்னு சொல்லி வேற தீவுக்கு அனுப்பிட்டாங்கம்மா. அப்புறம் சில பேர் திரும்பிப் போனாங்க. மண்ணுல இன்னும் வெசம் இருக்குதுன்னு அவங்களையும் மறுபடி கெளப்பிட்டாங்க."

"சொந்த ஊருக்குப் போகவே முடியலயா?" என்ற அக்கா தேம்பி அழுதாள். அந்த முந்தானையாலேயே கண்ணைத் துடைத்தாள். நான் ஆசை ஆசையாக வரைந்த தென்னைகளுக்கடியில் வீடுகள் இருந்திருக்கும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மாப்பிள்ளையின் அம்மா பதறிப்போய் அவளை அணைத்துக்கொண்டார். "அழாதம்மா. நம்ம போளூரு இன்னா பசிபிக் கடல்லயா இருக்குது? எப்ப தோணுதோ அப்ப உங்கம்மா வூட்டுக்குப் போயிட்டு வா. யாரும் கேக்கமாட்டாங்க."

சபையில் கொடுத்த வாக்கு. அக்கா இன்றுவரை வாரம் தவறாமல் பஸ் ஏறி வந்துவிடுகிறாள். அவளைக் கூட்டிப்போக வரும் மாமா, செருப்பைக் கழற்றும்போதே என்னிடம் சொல்வார்: "குண்டு வச்சது நீ மச்சான். ஓட்டல் சோறு துன்றது நானு."