பலூனுக்குப் போட்ட மாலை

ஞாயித்துக்கிழமை எனக்குக் குடுத்த வேலை ஒண்ணே ஒண்ணு. கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும்.

வேற எதையும் தொடக்கூடாது. போன மாசம் பேட்டரி வயரை மாத்திச் சொருகி ஒரு மோட்டாரைப் புகைய விட்டேன். அதுல இருந்து எங்க குழுவுல என் பதவி இதுதான்.

திருச்செங்கோட்டுல நாங்க அஞ்சு பேரு சேர்ந்து, லீவு நாள்ல எதையாவது செஞ்சு பார்க்குறதுக்குன்னு ஒரு பட்டறை நடத்துறோம். வாசல்ல 'மேக்கர் ஸ்பேஸ்'னு போர்டெல்லாம் உண்டு. இடம் மட்டும் எங்களுது இல்லை. போர்வெல் லாரி ஓட்டுற ராஜாமணி அண்ணன் தன்னோட பழைய ஷெட்டைச் சும்மா குடுத்திருந்தாரு.

ஆறு மாசமா அதுக்குள்ள ஒரு ஆகாயக் கப்பல் செஞ்சோம். ரொம்பக் கற்பனை பண்ணிக்காதீங்க. ஒரு வேன் நீளத்துக்கு வெள்ளரிக்காய் மாதிரி ஒரு பிளாஸ்டிக் பை, உள்ள ஹீலியம், அடியில ஒரு தெர்மாகோல் பெட்டி, அதுல ரெண்டு குட்டி மோட்டார். ரிமோட்டுல ஓடும். ஓடணும்.

ஏன்னா அண்ணனுக்குப் புது ட்ரில் பைப் வந்து இறங்குது. வைக்க இடமில்லை. "ஞாயித்துக்கிழமை அது பறந்துச்சுன்னா ஷெட்டு உங்களுது. பறக்கலீன்னா திங்கக்கிழமை பைப்பு வந்துரும் சாமி, கோவிச்சுக்காதீங்க"ன்னுட்டாரு.

காலையில காஸ் நிரப்பி வெளிய கொண்டுவந்தோம். இந்த மாதிரிப் பண்டத்துக்கு எடைதான் உசுரு. தானா ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. அதுக்காகப் பெட்டியில அண்ணனோட போர்வெல் ரிக் வண்டிப் பழைய நட்டுகளைப் போட்டு, ஒண்ணெடுத்து ஒண்ணுவச்சு, இடுப்பு உயரத்துல அசையாம நிறுத்துனாங்க கவிதா. எங்க அஞ்சு பேருல ஒருத்தங்க, பாலிடெக்னிக்ல பாடம் எடுக்குறவங்க. ரிமோட் அவங்க கையில.

"சரவணன், ஒரு நட்டைக்கூடத் தொடாதீங்க"ன்னாங்க.

"கயிறு மட்டும்தாங்க"ன்னு நானும் பணிவாச் சொன்னேன்.

அப்பத்தான் அண்ணன் வந்தாரு. கையில பூஜைத் தட்டு, நாலு எலுமிச்சம்பழம், கை தண்டிக்கு ஒரு சாமந்தி மாலை. பின்னாடியே அவரோட ஆடு. அதைக் கட்டிவைக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

"என்ற எந்த வண்டியும் பூஜை போடாம ஷெட்ட உட்டு வெளிய போனதில்லீங்க"ன்னாரு.

"அண்ணா, இது வண்டி இல்லீங்க."

"மோட்டார் இருக்குதல்லோ?"

"இருக்குதுங்க."

"அப்பறமென்ன. டயரு எங்க? எலுமிச்சம்பழம் வெக்கோணும்."

புது லாரின்னா டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சு, ஏத்தி நசுக்கிட்டுத்தான் கிளப்புவாங்க. எங்ககிட்ட அதுக்கு வழியில்லை.

"டயர் இல்லீங்கண்ணா."

அவரு என்னை ரொம்பப் பரிதாபமாப் பார்த்தாரு. "டயரே இல்லாமயா ஆறு மாசமாச் செஞ்சீங்க?"

கடைசியில வண்டி சார்பா நானே நாலு பழத்தையும் மிதிச்சு நசுக்குனேன்.

அடுத்து மாலை. பெட்டியில மாட்டினதும் கப்பல் பொத்துன்னு தரையில உக்காந்துருச்சு. "எழும்பலீங்களே"ன்னாரு அண்ணன். மாலையை எடுங்கன்னு சொல்ல எங்க யாருக்கும் வாய் வரலை. ஷெட்டு அவருது.

அந்த நேரம் பார்த்து என் மூளை வேலை செஞ்சுச்சு. மாலை எடைக்கு நட்டை எடுத்துட்டா ஆச்சு! கவிதா வாயத் திறக்குறதுக்குள்ள ஒவ்வொண்ணா உருவினேன். கப்பல் மறுபடியும் இடுப்பு உயரத்துக்கு வந்து சமத்தா நின்னுச்சு. மாலை மட்டும் முழங்கால் உயரத்துல தொங்கிட்டிருந்துச்சு.

"பரவாயில்லையே"ன்னாங்க கவிதா. ஆறு மாசத்துல அவங்க என்னைப் பாராட்டுனது அது ஒருக்காதான். அந்தச் சந்தோஷத்துல நெஞ்சை நிமித்திக்கிட்டுக் கயித்தைப் பிடிச்சு நின்னேன்.

அண்ணன் தள்ளி நின்னு கற்பூரம் காட்டிட்டு, திருநீத்துத் தட்டோட எங்கிட்ட வந்தாரு. என் வலது கையில கயிறு. இடது கையை நீட்டினேன்.

"பீச்சாங்கையிலயா வாங்குவ சாமி?"

அதானே. கயித்து நுனியைச் செருப்பு வாருல ஒரு முடிச்சுப் போட்டு, செருப்பை நல்லா அழுத்தி மிதிச்சுக்கிட்டு, ரெண்டு கையாலயும் வாங்குனேன். அவரு நெத்தியில பூசிவிட்டாரு. எல்லாரும் கண்ணை மூடிக் கும்பிட்டோம்.

"ஏஞ்சாமி, பூஜையில செருப்போடயா நிப்பாங்க?"

எனக்கு வெக்கமாப் போச்சு. மூடுன கண்ணைத் திறக்காமலே செருப்பைக் கழட்டிவிட்டேன்.

கண்ணைத் திறந்தப்ப ஆடு வாய் நிறையச் சாமந்தியோட நின்னுச்சு. மாலையில பாதியைக் காணோம். கப்பல் தென்னைமர உயரத்துல போயிட்டிருந்துச்சு. அதுக்குக் கீழ கயிறு. கயித்து நுனியில என் செருப்பு.

"கவிதா, கீழ இறக்குங்க!"

"மோட்டார் முன்னயும் பின்னயும்தான் தள்ளும். கீழ இழுக்காது."

"இப்ப நான் என்ன பண்றது?"

"டாட்டா காட்டுங்க."

மாலையும் செருப்பும் ஒரே நேரத்துல வாங்கிக்கிட்டு எங்க ஆறு மாச உழைப்பு ராசிபுரம் பக்கமாப் போயி மறைஞ்சுச்சு. ஷெட்டு போச்சு, அதுவும் என்னாலதான் போச்சு. அண்ணன் நெத்தியில கைய வச்சு வானத்தையே பார்த்துட்டு நின்னாரு. ஆடு மட்டும் என் பக்கம் வந்து, வேற மாலை இருக்கான்னு பார்த்துச்சு.

சாயங்காலம் ஷெட்டைக் காலி பண்ணிட்டிருக்கும்போது போன் வந்துச்சு. பெட்டியில என் நம்பரைத்தான் எழுதி ஒட்டியிருந்தோம். ஸ்பீக்கர்ல போட்டேன்.

"ஏனுங்க, வெண்ணந்தூர்ல இருந்து பேசறனுங்க. என்ற குச்சிக்கிழங்குக் காட்டுல ஒரு செருப்பு எறங்கியிருக்குதுங்க."

"செருப்பு மட்டுங்களா?"

"கூட ஏதோ பெரிய பை ஒண்ணு சுருங்கிக் கெடக்குது, அத உடுங்க. செருப்பு பத்தாம் நம்பரு, எனக்குச் சரியா இருக்குது. இன்னொண்ணு எப்பங்க வரும்?"

அண்ணன் போனைப் பிடுங்கிட்டாரு. "எந்த ஊருன்னீங்க? வெண்ணந்தூருங்களா?"

அவரு மூஞ்சி மலர்ந்ததை நாங்க அஞ்சு பேரும் பார்த்தோம்.

"பூஜை போட்ட வண்டியாக்கும்! என்ற லாரியே மொத நாளு பக்கத்துல இருக்கற சங்ககிரியக்கூடத் தாண்டலை. இது வெண்ணந்தூரு போயிருச்சு"ன்னு சொல்லிட்டு எங்க பக்கம் திரும்புனாரு. "பைப்பை ஊட்டு முன்னால எறக்கிக்கறேன். ஷெட்டு உங்களுதுதான். ஆனா அடுத்ததுக்கு டயரு வெச்சிருங்க."

இப்ப அடுத்த கப்பலுக்கு எடைப் பட்டியல் போட்டாச்சு. முதல் வரி மாலை. ரெண்டாவது வரி, சும்மா பேருக்கு நாலு பொம்மை டயர்.

கடைசி வரி கவிதா கையெழுத்துல இருக்கு: 'சரவணன் வெறுங்காலோடு வரவும்.'