கட்டெறும்பு விடைபெற்ற ஞாயிற்றுக்கிழமை

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய மாமா அவர்களுக்கு, மருமகன் பணிவோடு எழுதிக்கொள்வது.

இங்கே நான், உங்கள் மகள், பேத்தி மூவரும் சுகம். அங்கே நீங்களும் அத்தையும் சுகம்தானா என்று வழக்கம்போல் கேட்கப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணி வரைக்கும் நீங்கள் திடகாத்திரமாக இருந்தது எனக்கு நன்றாகத் தெரியும். எப்படித் தெரியும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் நாம் இருவரும் பேசிக்கொண்டதையெல்லாம் ஒரு தபால் அட்டையில் எழுதிவிட்டு, மிச்ச இடத்தில் விலாசத்தையும் எழுதிவிடலாம். "வாங்க மாமா", "சாப்பிட்டீங்களா மாமா", "பஸ்ஸுக்கு நேரமாச்சு மாமா" என்று என் பக்கம் மூன்று வாக்கியம். உங்கள் பக்கம் ஒரு "ம்". ஆகவே நான் இணையத்தில் கோட்டை விளையாட்டு ஆடுகிறவன் என்று உங்களிடம் சொல்லச் சந்தர்ப்பமே வாய்க்கவில்லை. ஆறு பேர் அவரவர் வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு, சேர்ந்து ஒரு கோட்டை கட்டி, அதை இடிக்க வருகிற எதிரணியிடமிருந்து காப்பாற்ற வேண்டும். யாருக்கும் யார் முகமும் தெரியாது, எல்லோருக்கும் புனைபெயர்தான். எங்கள் தலைவர் 'தளபதி', பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற அம்மாள். 'இடிமுழக்கம்' ஒரு நூலகர், அவர் பேசுவது அவருக்கே கேட்குமா என்பது சந்தேகம். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற உங்கள் மருமகனாகிய நான் 'புலிவேட்டை'. வேறு நல்ல பெயர்களையெல்லாம் எனக்கு முன்னாலேயே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் மாமா.

எங்கள் கூட்டத்தின் உயிர்நாடி 'கட்டெறும்பு'. இரண்டு வருஷத்தில் ஒருநாள்கூட மைக்கைத் திறந்து பேசியதில்லை. எல்லாம் எழுத்துத்தான், அதுவும் முற்றுப்புள்ளி, காற்புள்ளி தவறாமல். எதிரி வாசலுக்கு வந்து நாங்கள் ஐந்து பேரும் ஆளுக்கொரு பக்கம் ஓடும்போது, "பதற வேண்டாம். நான் வாசலில் இருக்கிறேன்." என்று ஒரு வரி வரும். அவ்வளவுதான், எங்களுக்கு உயிர் திரும்பிவிடும்.

போன வருஷம் கம்பெனியில் ஆட்குறைப்பு என்று என்னை நாலு மாசம் வீட்டில் உட்காரவைத்தார்கள். உங்களுக்குத் தெரியக்கூடாது என்று நானும் உங்கள் மகளும் மறைத்தோம். அவள் வேலைக்குப் போய்விடுவாள், குழந்தை பள்ளிக்கூடம் போய்விடும், காலை பதினொரு மணிக்கு வீட்டில் நானும் ஃபிரிட்ஜ் சத்தமும்தான். அந்த நேரத்தில் கட்டெறும்பு மட்டும்தான் ஆன்லைனில் இருப்பார். ஒருநாள் தாங்காமல் விஷயத்தைச் சொன்னேன். ஐயோ பாவம் என்று ஒரு வார்த்தை இல்லை. "சரி. வடக்குச் சுவர் கட்ட வேண்டியிருக்கிறது. தினம் பத்துக் கல் வைப்போம்." என்றார். நாலு மாசம் இரண்டு பேரும் தினமும் பத்துக் கல் வைத்தோம். வேலை கிடைத்ததா என்று ஒருநாளும் கேட்கவில்லை. கிடைத்த அன்று நானே ஓடிப்போய்ச் சொன்னேன். "மகிழ்ச்சி. இனிமேல் பகலில் இங்கே வராதீர்கள்." என்று எழுதினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மாமா.

இப்படிப்பட்ட மனிதரிடம் யாருக்குத்தான் மனசைத் திறக்கத் தோன்றாது? திறந்தேன். கொஞ்சம் அதிகமாகவே திறந்துவிட்டேன். உங்களைப் பற்றி. நான் மாட்டின அலமாரி மேல நீங்க பையிலிருந்து, சாய்வு பார்க்கற ரசமட்டத்தை எடுத்து வச்சுப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாம மூடி வச்சது, நீங்க வந்தா வீடே பரீட்சை ஹால் மாதிரி ஆயிடறது, சர்வேயர் வேலையிலிருந்து ரிட்டையர் ஆகியும் எங்க பால்கனியை மூணு தடவை அளந்தது, எல்லாத்தையும் சொன்னேன். உங்களுக்கு 'ரசமட்டம்' என்று ஒரு பெயரும் வைத்திருந்தேன். கட்டெறும்பு ஒரு தடவைகூட என்னைத் தடுக்கவில்லை. "அப்படியா. இன்னும் சொல்லுங்கள்." என்பார். ஒருமுறை, "அவருடைய குறட்டையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே." என்றுகூட எழுதினார். பத்து நாள் முன்னால், "மாமனார் ஒரு மாசம் தங்க வரப்போறாராம், ஏதாவது சாக்கு சொல்லித் தட்டிக்கழிக்கணும், ஐடியா கொடுங்க" என்று கேட்டேன். அதற்கு மட்டும் பதிலே வரவில்லை.

அடுத்த நாள் அறிவிப்பு வந்தது. "நண்பர்களே, குடும்பக் காரணத்தால் குழுவிலிருந்து விலகுகிறேன்." எங்களுக்கு இடி விழுந்தமாதிரி இருந்தது. தளபதி டோக்கன் கொடுக்கும்போது கவனம் சிதறி, இரண்டு பேருக்கு ஒரே நம்பர் கொடுத்து, அங்கே ஒரு சண்டையே நடந்ததாம். சரி, முறையாக வழியனுப்புவோம் என்று ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்குக் கோட்டைக்குள்ளேயே பிரிவுபசார விழா வைத்தோம். வாழ்த்துரை என்னுடையது, இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். இரண்டு வருஷமாக எங்களோடு மோதுகிற எதிரணிக்காரர்கள்கூட, கட்டெறும்பு மேல் உள்ள மரியாதையில், ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டு மாலையோடு வந்து வரிசையாக நின்றார்கள். வாழ்த்துரை முடிந்ததும் வானத்தைப் பார்த்து மூன்று பீரங்கிக் குண்டு, அதுதான் ஏற்பாடு. நான் முதல் பக்கத்தைத் திருப்பினேன், முழங்கை கீபோர்டில் பட்டது, வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பீரங்கி தலைகுனிந்தது, மூன்று குண்டும் வடக்குச் சுவரில் போய் விழுந்தது. நாலு மாசச் சுவர் மாமா, நாலு விநாடியில் தரைமட்டம்! சுவரில் ஓட்டை விழுந்ததைப் பார்த்த எதிரணிக்காரர்கள் மாலையை வீசிவிட்டு, பழக்கதோஷத்தில் உள்ளே புகுந்துவிட்டார்கள். "டேய், விழாவுக்கு வந்தவங்கடா நீங்க!" என்று தளபதி கத்துகிறார், "மன்னிச்சுக்கங்க மேடம், கை சும்மா இருக்க மாட்டேங்குது" என்று அவர்கள் வெட்டுகிறார்கள். கடைசியில் விழா நாயகரே எழுந்துபோய் வாசலில் நிற்கவேண்டியதாயிற்று. எழுதிச் சொல்ல நேரமில்லாத அவசரத்தில், வரலாற்றிலேயே முதல்முறையாகக் கட்டெறும்பு மைக்கைத் திறந்தார்.

பேச்சு வரவில்லை மாமா. கடிகாரம் கத்தியது. நாலு மணிக்கு ஐந்து தடவை கத்தியது. நாலு மணிக்கு ஐந்து தடவை கூவுகிற குருவிக் கடிகாரம் இந்த உலகத்தில் உங்க வீட்டு ஹாலைத் தவிர வேறெங்கே இருக்கு? அதுக்கு அடுத்தபடி ஒரு செருமல். அந்தச் செருமலைக் கேட்டு பதினோரு வருஷமா நாற்காலியிலிருந்து எழுந்து நின்னவன் நான். அன்னிக்கும் எழுந்து நின்னேன், ஹெட்போன் வயர் இழுத்துக் கம்ப்யூட்டரே சாய்ந்தது. நிமிர்த்திப் பார்த்தால் மைக் மூடியிருந்தது, எதிரணி வெளியே ஓடிக்கொண்டிருந்தது. "பத்திரமாக இருங்கள். வருகிறேன்." என்று ஒரு வரி. அப்புறம் அந்தப் பெயர் பட்டியலில் மங்கிப்போய்விட்டது.

உங்கள் பேத்தி வந்து, "அப்பா, தோத்துட்டீங்களா?" என்றாள்.

"இல்லம்மா, ஜெயிச்சுட்டோம்."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

மூணு நாளா எனக்குச் சோறு இறங்கலை. உங்களைப் பத்தி உங்ககிட்டயே ரெண்டு வருஷம் வசைபாடியிருக்கேன். நீங்க அத்தனையையும் கேட்டுக்கிட்டு, என் வேலை போனது தெரிஞ்சும் தெரியாதமாதிரி இருந்து, எனக்குத் தினம் பத்துக் கல் எடுத்துக் கொடுத்திருக்கீங்க. உங்க குறட்டையைப் பத்தி நீங்களே சொல்லிச் சிரிக்கற பெருந்தன்மை யாருக்கு வரும்? மாமா, ஒரு மாசம் என்ன, ஆறு மாசம் வந்து தங்குங்க. வீட்டில் இருக்கிற அத்தனை அலமாரியையும் அளந்து பாருங்க. நான் பக்கத்தில் நின்னு பென்சில் பிடிக்கறேன். குழுவுக்கு மட்டும் திரும்பி வந்துடுங்க. அங்கே வாசல் காலியாக இருக்கிறது. இடிமுழக்கத்தை நிற்கவைத்திருக்கிறோம். அவர் எதிரியிடம் "தயவுசெய்து அமைதி காக்கவும்" என்கிறார்.

அத்தைக்கு என் நமஸ்காரம். அவருக்கு இந்தக் கூத்தெல்லாம் ஒன்றும் தெரியவேண்டாம், அப்பாவி மனுஷி, பயந்துவிடுவார். உங்கள் ஆசீர்வாதத்தை, முடிந்தால் மன்னிப்பையும் சேர்த்து, எதிர்பார்க்கும்

தங்கள் கீழ்ப்படிந்த மருமகன்
(புலிவேட்டை)

பின்குறிப்பு: மாமா, மேலே எழுதியதை உறையில் போடும்போது உங்கள் மகள் வாங்கிப் படித்தாள். இரண்டாம் பக்கத்தில் சிரிக்க ஆரம்பித்து மூன்றாம் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்பாவா? அவருக்கு டிவி போடவே ஆள் வேணும். அது அம்மாங்க!" என்றாள். அத்தையைக் குழுவில் சேர்த்துவிட்டதே இவள்தானாம். புலிவேட்டை யாரென்று முதல் நாளே சொல்லியும்விட்டாளாம். "என்கிட்ட ஏன் சொல்லலை?" என்று கேட்டேன். "சொல்லியிருந்தா 'சாப்பிட்டீங்களா அத்தை'ன்னு கேட்டுட்டு அதோட நிறுத்தியிருப்பீங்க" என்றாள். கடிதத்தைக் கிழிக்கப் போனால், அதற்குள் இவள் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து அத்தைக்கு அனுப்பி, அத்தை அதை உங்களுக்கு உரக்கப் படித்துக் காட்டி, நீங்களும் முழுவதையும் கேட்டுவிட்டு, "எழுத்துப்பிழை நிறைய இருக்கும், அசலை அனுப்பச் சொல்லு, திருத்தித் தரேன்" என்றீர்களாம். அனுப்பியிருக்கிறேன். மைக்கில் கேட்ட அந்தச் செருமல் மட்டும், ஹாலில் அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உங்களுடையதாம். அத்தைக்கு என்மேல் கோபமெல்லாம் இல்லையாம். சாயங்காலம் நாலு மணிக்கு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்திருக்கிறாராம், அதுதான் அந்தக் குடும்பக் காரணமாம். லைசென்ஸ் வந்ததும் முதல் சவாரி எங்கள் வீட்டுக்கு, பக்கத்து சீட்டில் நீங்கள். எங்கள் தெருவில் எல்லோரிடமும் சொல்லிவைத்துவிட்டோம். நீங்கள் சீட் பெல்ட்டை மட்டும் மறக்காமல் போட்டுக்கொள்ளவும்.